ராணியின் வலது கை

நாத்தனாரைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிற வேலை கடைசி நேரத்தில்தான் அவள் தலையில் விழுந்தது. கணவன் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஆபீஸ்ல திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. நீதான் அக்காவைக் கூட்டிட்டுப் போகணும். பாவம், எத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கு" என்றான். பதிலுக்குக் காத்திராமல் கிளம்பியும் விட்டான்.

அவளுக்கு வாரத்தில் ஒருநாள்தான் விடுமுறை. மற்ற நாளெல்லாம் அழகு நிலையத்தில் நின்றபடியே வேலை. யார் யார் புருவத்தையோ நூலால் திருத்தி, யார் யார் தலைக்கோ சாயம் பூசி, வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் இரும்பாய்க் கனக்கும். கிடைத்த ஒருநாளும் இப்படிப் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சேலை கட்டினாள். வேண்டாவெறுப்பாய்ப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பேர் வைத்த கதைதான்.

நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோய் கண்ணில் கை வைத்தபிறகு வேலையை விட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். நாள் முழுக்க ரேடியோதான் துணை. அதில்தான் ஒருநாள் அந்தப் பழைய தேவாலயத்தைப் பற்றிச் சொன்னார்கள். அதைக் கட்டிய ராணி உள்ளேயே அடக்கமாகியிருக்கிறாள். கல்லறை மேல் அவளைப் போலவே படுத்திருக்கும் ஒரு கல்சிலை. தலைமுறை தலைமுறையாக வந்தவர் போனவரெல்லாம் தொட்டுத் தொட்டு அவளுடைய வலது கை கண்ணாடியாய் வழுவழுத்துப் போயிருக்கிறது என்று.

"கண்ணு இருக்கறவங்களே அங்க போயி கையாலதான் பாக்கறாங்களாம்" என்று நாத்தனார் சிரித்தாள். "அந்த ஒரு எடத்துல எனக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் இல்ல பாரு."

பெரிய மரக்கதவைத் தள்ளி உள்ளே நுழைந்ததும் தெருச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. வெளியே கொளுத்திய வெயிலுக்கு உள்ளே கிணற்றடி போலக் குளிர்ச்சி. நாத்தனார் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள்.

"மெழுகுவத்தி வாசனை. அதுக்கடியில பழைய மரம். அதுக்கும் அடியில என்னமோ ஈரம். மழை பெஞ்ச கல்லு மாதிரி. இல்லம்மா?"

"ஆமா அண்ணி" என்றாள் அவள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே. அழகு நிலையத்தில் வேலைக்கு நிற்கும் பெண், எந்தச் சாயத்தை எதோடு கலப்பது என்று கேட்டிருந்தாள்.

நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 'படி' என்றால் காலைத் தூக்கினாள், 'நேரா' என்றால் நேராக வந்தாள். செருப்புச் சத்தம் கூரை வரை போய் யாரோ பின்னால் வருவதுபோலத் திரும்பி வந்தது. "எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டாள். "ரொம்ப உயரம்" என்றாள் இவள், நிமிர்ந்து பார்க்காமலே. "ஜன்னல்ல கலர் கண்ணாடி இருக்குமாமே?" "இருக்கு அண்ணி. எல்லாக் கலரும் இருக்கு."

ராணி இருந்தது கடைக்கோடியில், ஒரு தனி அறையில். அதன் வாசலிலிருந்து வரிசை பாம்பாய் வளைந்து தூண்களைச் சுற்றி வந்திருந்தது. நாலு பேர் நகர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும் போலிருந்தது. அவளுக்குக் கணுக்காலில் சுருக்கென்று வலித்தது. சுற்றிலும் பார்த்தாள். கதவுப் பக்கத்துச் சுவரோரமாக யாரும் சீண்டாத இன்னொரு கல்லறை. அதன்மேலும் ஒரு கல்லுருவம் கைகூப்பிப் படுத்திருந்தது. கல்லுக்குக் கல் என்ன பெரிய வித்தியாசம் என்று மனசு சொன்னது.

"வாங்க அண்ணி. இதோ வந்துட்டோம்."

"அதுக்குள்ளயா? கூட்டமா இருக்கும்னாங்களே."

"இன்னைக்குக் கூட்டமே இல்ல."

தூரத்தில் வரிசையின் சலசலப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் நாத்தனார் கையை நீட்டினாள். அவள் அந்தக் கையைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்தாள்.

விரல்கள் முதலில் கூப்பிய கைகளைத் தொட்டன. வழுவழுப்பு இல்லை, சொரசொரவென்று, விளிம்பில் தூசி படிந்து கிடந்தது. விரல்கள் ஒரு கணம் யோசித்தன. பிறகு மெதுவாக மார்பில் ஏறி, கழுத்தைத் தாண்டி, முகவாய்க்குப் போயின. அப்போதுதான் அவளும் சிலையின் முகத்தைப் பார்த்தாள். அடர்த்தியாய், அலை அலையாய்ச் செதுக்கிய தாடி. அதற்குமேல் முறுக்கிய மீசை.

நாத்தனாரின் விரல்கள் அந்தத் தாடியில் அப்படியே நின்றன.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது. தப்பாக வந்துவிட்டோம் என்று அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. நாத்தனார் கையை எடுத்தாள், விரல் தூசியை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா சில்லுனு இருக்கும்மா" என்றாள். "போலாமா? உனக்குக் கால் வலிக்கும்."



அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன், "என்னக்கா, ராணியைப் பாத்தியா?" என்று கேட்டான். தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தவளுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று. கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பாத்தேன்டா தம்பி. கை அப்படியே கண்ணாடி. ரேடியோவுல சொன்னது சரிதான். ஒவ்வொரு விரலா தொட்டுப் பாத்தேன்" என்றாள் நாத்தனார். "பாவம், இவளுக்குத்தான் ரொம்ப அலைச்சல்."

"கஷ்டப்பட்டாலும் கூட்டிட்டுப் போனியே" என்று கணவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைவிட ஒரு அறை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பாள். நாலு பேர் முன்னால் நாத்தனார் நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருக்கலாம். காட்டிக்கொடுக்காமல் விட்டவளிடம் என்ன சண்டை போடுவது?

வாரம் முழுக்கக் கடையில் கை வேலை செய்தது, மனசு அந்தத் தாடியிலேயே கிடந்தது. யாரோ ஒரு அம்மாளின் புருவத்தில் நூல் ஓட்டும்போது, "என்னம்மா, அழறியா?" என்று அந்த அம்மாள் கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள். "பவுடர் கண்ணுல விழுந்துடுச்சு" என்று இவள் சமாளித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் ரேடியோப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அண்ணி, சர்ச்சுக்கு இன்னொரு வாட்டி போயிட்டு வரலாமா?"

"எதுக்கு? போன வாரந்தான போனோம்."

"சரியா பாக்கல."

"யாரு, நீயா நானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தது நாத்தனாருக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வாயால் சொன்னாள். "நான்தான் அண்ணி. தப்பு பண்ணிட்டேன்."

நாத்தனார் ரேடியோவை அணைத்தாள். "புடவை மாத்திக்கிறேன், இரு" என்றாள்.

இந்தமுறை வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். மெல்ல மெல்லத்தான் நகர்ந்தது. கணுக்கால் வலி முழங்காலுக்கு ஏறியது. அது அவளுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. எங்கோ மேலே யாரோ ஆர்கனில் விரல் பழகிக்கொண்டிருந்தார்கள். அடி ஸ்வரம் ஒலித்தபோது தரையே லேசாக அதிர்ந்து உள்ளங்காலில் ஏறியது. நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

தனி அறைக்குள் நுழைந்து சிலையருகே வந்ததும், "அண்ணி, இதுதான்" என்றாள் அவள்.

நாத்தனார் கையை நீட்டவில்லை. பின்னால் நின்றவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்க, இது ராணி சிலைதானே?"

பின்னால் நின்ற பெரியவர், "ஆமாம்மா, ராணிதான்" என்றார்.

அதன்பிறகுதான் கை நீண்டது.

அவள் கன்னத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த அவநம்பிக்கையைச் சம்பாதித்தது அவள்தானே.

நாத்தனார் ராணியின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக, விரல் இடுக்காகத் தடவினாள். பிறகு பாதத்துக்குப் போனாள், மடிப்பு மடிப்பாகச் செதுக்கிய உடுப்பின் விளிம்பை நிதானமாக எண்ணுவதுபோலத் தொட்டாள். பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று இவள் திரும்பிச் சொன்னாள். குரல் தானாகவே கெஞ்சியது.

வெளியே வரும்போது நாத்தனார் நின்றாள். முகத்தில் எங்கிருந்தோ வெளிச்சம் விழுந்திருந்தது.

"இங்க ஜன்னல் இருக்கா? என்ன கலரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு முறை வந்தும் அப்போதுதான் பார்க்கிறாள்.

"நடுவுல நீலம், அண்ணி. கருநீலம். சுத்தி சிவப்பு, ஆனா மங்கிப்போச்சு. ஒரு மூலையில உடைஞ்சிருக்கு போல, அங்க மட்டும் சாதாக் கண்ணாடி போட்டிருக்காங்க. அதுவழியாத்தான் உங்க மூஞ்சியில வெயில் அடிக்குது."

"அப்படியா" என்றாள் நாத்தனார்.

நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. இவள் முழங்கையை நீட்டினாள். நாத்தனார் பிடித்துக்கொண்டாள், ஆனால் "படி இல்ல அண்ணி" என்று இவள் சொன்னபிறகும், ஒரு காலால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைத்தாள். இவள் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கால் தரையைத் தொட்டு முடிக்கும்வரை நின்று நின்று, கதவு வரை கூட்டிப்போனாள்.