சென்னிமலைக்கு வந்த ஆரூரன்

மோகனப்பிரியாவுக்கு நடிகர் ஆரூரனைப் பிடிக்காமல் போனது ஒரு புதன்கிழமைக் காலையில், கோவை பீளமேட்டு விமான நிலையத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும்.

அவள் அங்கே ஒரு விமான நிறுவனத்தின் செக்-இன் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். சேர்ந்த புதிதில் பிரபலங்களைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பாள்; பிறகு பழகிவிட்டது. ஆனால் ஆரூரன் வேறு. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் படம் வந்தால் வீட்டில் எல்லோருமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு, வருகிற வழியில் பேக்கரியில் நின்று டீ குடித்தபடி ஒவ்வொரு காட்சியையும் மறுபடி பேசித் தீர்ப்பார்கள். அந்த ஆரூரன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றதும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், எங்க ஊட்டுல எல்லாருக்கும் உங்க படம்னா உசுருங்க சார்."

"பெட்டிக்கு டேக் போடும்மா. கதை வேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்துக் கவுண்டரில் இருந்த நந்திதா சட்டென்று கணினித் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மோகனப்பிரியாவின் காது மடல் வரை சூடேறிப் போனது. பெட்டிக்கு டேக் போட்டாள், போர்டிங் பாஸைக் கொடுத்தாள். அவன் போன பிறகுதான், தன்னைவிட அவன் நாலு விரல் உயரம்கூட இல்லை என்பது மனதில் பட்டது. அதில் ஒரு அற்பத் திருப்தி.

அதன் பிறகு டிவியில் அவன் படம் ஓடினால் சேனலை மாற்றிவிடுவாள். கோபம் கொஞ்ச நாளில் தணிந்துவிட்டது. கேள்விதான் தணியவில்லை. ஒரு வார்த்தை சிரித்துப் பேசியிருந்தால் இவனுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னிமலையில் இருக்கும் தாய்மாமா திருமூர்த்தி வீட்டுக்குப் போனாள். வீட்டின் முன்பக்கமே மாமாவின் பெட்ஷீட் கடை. கடைக்குள் நுழைந்ததுமே கண்ணில் பட்டது அந்தப் படம். கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்கு அடுத்தாற்போல, பெரிய சட்டத்தில். மாமாவின் தோளில் கை போட்டபடி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறான் ஆரூரன்.

"ஏனுங் மாமா, இது எப்பங்க?"

"போன மாசி மாசம் அம்மணி. திடுதிப்புனு வந்து எறங்குனாரு. மனுசன்னா அவருதான் மனுசன்."

மாமா சொல்லச் சொல்ல அவளால் நம்ப முடியவில்லை. நாற்காலி வேண்டாமென்று பெட்ஷீட் கட்டின் மேலேயே உட்கார்ந்தாராம். கடை ஆட்கள் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டாராம். உள்ளறையில் ஓரம் தைக்கிற பெண்கள் வெளியே வரக் கூச்சப்பட்டு நின்றபோது, இவரே உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, மெஷின் ஓட்டி முதுகு வலிக்காதா என்று விசாரித்தாராம்.

"நான் காப்பி கொண்டாந்து குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுப்போட்டு, 'அக்கா, சக்கரை தூக்கலா இருக்குது, எனக்கு இப்படித்தான் புடிக்கும்'னாரு" என்றார் சாமியாத்தாள் அத்தை. அதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தில் காப்பியைவிடச் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மோகனப்பிரியா விமான நிலையக் கதையைச் சொல்லவில்லை. அத்தையின் முகத்துக்கு முன்னால் அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ உறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது.

மாமா ஆறடி உயரம். பஸ்ஸில் ஏறினால் தலை குனிந்துதான் நடப்பார். படத்தில் ஆரூரன் அவரைவிட ஒரு விரல் உயரமாக இருந்தான்.

திரையில் பார்த்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அங்கே எல்லோரும் உயரம்தான். ஆனால் இவள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, அவனை ஒரு முழத் தூரத்தில் பார்த்தவள். செல்போனில் படத்தைப் பிடித்துப் பெரிதாக்கினாள். படத்தில் இருவருக்கும் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வேன் நின்றது. அதன் பக்கவாட்டில் பாதி எழுத்துகள் தெரிந்தன: '…இன்னிசைக் குழு, உக்கடம், கோவை'.

வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக யூடியூபில் உக்கடம் இன்னிசைக் குழுக்களைத் தேடினாள். கோவில் விழா மேடைகளில் ஆரூரன் வேஷத்தில் ஒரு ஆள் ஆடிக்கொண்டிருந்தார். அதே நடை, அதே கழுத்துச் சொடுக்கு. கீழே குழுவின் கைபேசி எண் இருந்தது. கூப்பிட்டு விசாரித்ததில் ஆளின் பெயரும் கடை இருக்கும் இடமும் தெரிந்தன.

அவர் பெயர் இல்யாஸ். உக்கடத்தில் ஒரு குறுகலான தெருவில் மிக்ஸி, கிரைண்டர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மறுநாள் மதியம் ஷிப்டு முடிந்து, சீருடையோடு அவள் போய் நின்றபோது மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். வேஷம் இல்லாமலும் முகம் அச்சு அசலாக ஆரூரன்தான்; உடம்புதான் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. கையெல்லாம் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் பிசுக்கு.

"மேடம், நீங்க எந்த ஆபீஸுங்க?"

"ஆபீஸ் ஒண்ணுமில்லைங்க. சென்னிமலையில நீங்க ஒரு பெட்ஷீட் கடைக்குப் போனீங்கள்ல, அந்தக் கடைக்காரரு எங்க மாமாங்க."

இல்யாஸ் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "கம்ப்ளெயிண்ட் குடுத்துட்டாங்களாம்மா?"

"அய்யோ, இல்லைங்க. அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத்தான் தெரிஞ்சுக்கணும்னு ஆசை. நீங்க எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். அன்றைக்கு அரச்சலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோவில் பொங்கலில் கச்சேரியாம். சாயங்காலமே மேடை ஏற வேண்டியிருந்ததால் வேனிலேயே மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறார். வழியில் சென்னிமலை வந்ததும், வீட்டுக்கு இரண்டு பெட்ஷீட் வாங்கிப் போகலாமென்று இறங்கியிருக்கிறார்.

"ஒரு ஆளு 'ஆரூரன்'னு கத்துனாருங்க. நான் அவரு இல்லைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள உங்க மாமா ரெண்டு கையும் புடிச்சுட்டாரு. கடையில எல்லாரு மூஞ்சியும் அப்படியே பூத்துப்போச்சு. இல்லைன்னு சொல்ற எடத்தைத் தாண்டிட்டேன்ம்மா."

"சரிங்க. ஆனா அவ்வளவு தன்மையா நடந்துக்கிட்டீங்களாமே. ஆரூரன் நெசத்துல அப்படி இல்லைங்க. நான் பார்த்திருக்கேன்."

"நானும் பார்த்திருக்கேன்." இல்யாஸ் மெல்லச் சிரித்தார். "பொள்ளாச்சிக்கு ஷூட்டிங் வந்திருந்தாரு. நான் அவரு வேஷத்துலயே போய்க் காலையிலருந்து நின்னேன். பொழுது சாயற நேரம் கேரவன்ல இருந்து எறங்குனாரு. நேருக்கு நேரா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாரு. ஒரு வார்த்தை பேசலை. திரும்பி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. அன்னைக்கு நான் பஸ்ஸுல வர்றப்ப, அவரு என்கிட்ட எப்படியெல்லாம் பேசியிருக்கலாம்னு நெனைச்சுக்கிட்டே வந்தேன். என் பேரு கேட்டிருக்கலாம், உட்காரச் சொல்லியிருக்கலாம். சென்னிமலையில எனக்கு வேற எதுவும் தெரியலைம்மா. அன்னைக்கு நெனைச்சதத்தான் செஞ்சேன்."

இல்யாஸ் எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்தார். அவள் குடித்துவிட்டு எழுந்தபோது கேட்டார், "உங்க மாமாகிட்டச் சொல்லிருவீங்களா?"

"தெரியலைங்க" என்றாள். அது உண்மையும்கூட.

அந்தத் 'தெரியலை' அவளை இரண்டு வாரம் படுத்தியது. பொய்யான ஒரு படத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிற மாமாவை நினைத்தால் பாவமாக இருந்தது. என்றைக்காவது யாராவது கண்டுபிடித்துக் கடையில் வைத்தே சிரித்துவிட்டால்? கோவைக் கடைகளுக்குச் சரக்கு போட வந்த வழியில் திருமூர்த்தி ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் வரை பொறுத்திருந்தாள்.

"மாமா, அந்தப் போட்டோவுல இருக்கறது வந்துங்க…"

"இல்யாஸு" என்றார் மாமா, சுண்ணாம்பைத் தடவியபடி.

அவள் வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பெட்ஷீட்டுக்குக் காசு வேண்டாமுன்னேன். அவரு கேக்கலை. ஸ்கேன் பண்ணி அனுப்பிப்போட்டாரு. என்ற போன்ல பேரு வந்துச்சு, இல்யாஸுன்னு. நிமிந்து அவரைப் பார்த்தேன். அவரு உன்ற அத்தை குடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டு, தைக்கற புள்ளைங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தாரு. அந்த நேரத்துல போய் நான் என்னன்னு கேக்கறது?"

"தெரிஞ்சும் எதுக்குங்க மாமா சட்டம் போட்டு மாட்டுனீங்க?"

திருமூர்த்தி வெற்றிலையை வாயில் ஒதுக்கிக்கொண்டார்.

"முப்பது வருசமா கடையில ஒக்காந்திருக்கேன் கண்ணு. எத்தனையோ பெரிய மனுசங்க வந்திருக்காங்க. கல்லாவத் தாண்டி உள்ள போய் அந்தப் பொம்பளைங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசுனதில்லை. அந்த மனுசன் போனாரு. அவரு எந்தப் பேருல இருந்தா எனக்கென்ன? மாட்டோணும்னு தோணுச்சு, மாட்டிப்போட்டேன்." எழுந்து துண்டைத் தோளில் போட்டவர், வாசலில் நின்று திரும்பினார். "உன்ற அத்தைக்குத் தெரியாது. சொல்லிப்போடாதே."

கடையில் மாமாவும் இல்யாஸும் ஒருவருக்காக ஒருவர் நடித்திருக்கிறார்கள். அதை நினைத்து அன்று முழுவதும் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் கேள்வி இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டது. பொள்ளாச்சியில் அந்த ஒரு நிமிஷம் ஆரூரன் எதைப் பார்த்தான்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது?

ஐப்பசியில் ஆரூரன் மறுபடி அவள் கவுண்டருக்கு வந்தான். அதே தொப்பி, அதே கண்ணாடி. கூட ஒரு மேலாளர். நந்திதா பக்கத்திலிருந்து, 'பேசாதே' என்று கண்ணாலேயே சொன்னாள். மோகனப்பிரியாவும் பேசவில்லை. டேக் போட்டாள், பெட்டியை அனுப்பினாள், போர்டிங் பாஸை நீட்டினாள். அவன் அதை வாங்கும்போதுதான் நாக்கு நிற்கவில்லை.

"சார், உக்கடத்துல உங்கள மாதிரியே ஒருத்தர் இருக்காருங்க. பொள்ளாச்சி ஷூட்டிங்ல உங்களைப் பார்க்க வந்தாராம்."

மேலாளர் கையை நீட்டி மறித்தார். ஆரூரன் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். கண்கள் தூங்காதவன் கண்களாக, ஓரங்களில் சிவந்து இருந்தன.

"உயரமா ஒருத்தர்?"

"ஆமாங்க சார். இல்யாஸுன்னு பேரு."

"அவரை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." குரல் இறங்கிவிட்டது. "திடீர்னு முன்னாடி வந்து நின்னாரு. என் முகம், ஆனா யாரோ. எனக்குப் பயமாயிடுச்சு. என்ன பேசறதுன்னே தெரியலை. உள்ள போயிட்டேன். அப்புறம் ஆளை அனுப்பித் தேடச் சொன்னேன், கெளம்பிட்டாருன்னாங்க."

"சார், போர்டிங்" என்றார் மேலாளர்.

"அவரைப் பார்த்தா சொல்லுங்க…" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் நடந்துவிட்டான்.

"திட்டுனானாடி?" என்றாள் நந்திதா.

"இல்லை. ஆனா தேங்க்ஸும் சொல்லலை."

இடைவேளையில் கேண்டீன் மூலையில் நின்று இல்யாஸைக் கூப்பிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். 

"தேடச் சொன்னாருங்களா?" என்றார் இல்யாஸ்.

"அப்படித்தான் சொன்னாருங்க. நெசமா என்னன்னு எனக்குத் தெரியாது."

"எந்தக் கையிலம்மா கண்ணாடியைக் கழட்டுனாரு?"

"இடது கையிலங்க."

"'பயமாயிடுச்சு'ன்னு சொல்றப்ப உங்களைப் பார்த்தாரா, கீழ குனிஞ்சாரா?"

மோகனப்பிரியா கண்ணை மூடி யோசித்தாள். "கவுண்டரைப் பார்த்துச் சொன்னாருங்க."

"எந்தப் படத்துலயும் அவரு பயந்து நான் பார்த்ததில்லைம்மா. எங்க, அந்த வார்த்தையை அவரு சொன்ன மாதிரியே ஒருதடவை சொல்லுங்க."

சொன்னாள். அவ்வளவு வேகமில்லை, இன்னும் மெதுவாக என்று தானே திருத்திக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுமுனையில் இல்யாஸ் அதைத் தன் வாயால் சொல்லிப் பார்த்தார். முதல் தரம் சரியாக வரவில்லை. இரண்டாம் தரம் அவளுக்கு ரோமம் சிலிர்த்தது.

"இப்படிங்களா?"

"இப்படித்தாங்க" என்றாள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அடுத்த விமானத்துக்கு நேரமாகிறதென்று நந்திதா வந்து கூப்பிடும் வரை பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.