ஒரே வள்ளத்தில் ஏறாதவர்கள்

மூத்த மகன் ஜெராட்டின் கல்லறை மணலில் மாக்கிறட் இரண்டாவது மெழுகுதிரியை ஊன்றினாள். மருமகள் அஞ்சலா அதைப் பிடுங்கி அவள் மடியிலேயே போட்டாள்.

“இது என்ர மனுசன்ர இடம், மாமி. உங்கட மற்ற மகனுக்கு வேற இடம் பாருங்கோ.”

“எங்க பிள்ளை பாக்கிறது? அல்பிரட்டுக்கு ஒரு பிடி மண்ணாவது கிடைச்சுதே?”

மண்டபம் அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான தாழ்வுபாட்டுக்குத் திரும்பி வந்தபின் இதுதான் முதல் மரித்தோர் திருநாள். கல்லறைகள் கிடந்த சேமக்காலையில் பற்றைக்காடு வெட்டித்தான் ஜெராட்டின் சிலுவையையே கண்டுபிடித்தார்கள். இளையவன் அல்பிரட் இரண்டாயிரத்து ஒன்பதின் கடைசிச் சண்டையோடு போனவன். எங்கே விழுந்தான் என்று சொல்ல ஆளில்லை.

புருசன் சந்தியோகு சேமக்காலை வாசல் படலைக்கு வெளியே குந்தியிருந்தார். உள்ளே வரமாட்டார். அவருடைய வீட்டில் அண்ணன் தம்பியை ஒரே வள்ளத்தில் கடலுக்கு விடுவதில்லை. புயல் அடித்தால் ஒருத்தனாவது கரைக்கு வரவேண்டும். எண்பத்துநாலில் பெடியள் அக்கரை இந்தியாவுக்குப் பயிற்சிக்கு ஓடியபோதும் அதே கணக்குத்தான் பார்த்தார். மூத்தவனை ஓர் இயக்கத்தில் விட்டார், இளையவனை இன்னொன்றில். கெட்டிக்கார மனுசன் என்று மாக்கிறட்டும் அன்றைக்கு நினைத்தாள்.

அந்த நாளில் மீன்வாடிக்காரர் தாவூது நானா மட்டும் வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டு புறுபுறுத்தார்.

“சந்தியோகு, திருகோணமலைத் துறைமுகத்தில அமெரிக்காக்காரன் கால் வச்சிடுவானெண்டு டில்லிக்குப் பயம். அதுதான் கொழும்பை வெருட்ட உங்கட பெடியளுக்குத் துவக்குக் குடுக்கிறான். ஒரு இயக்கம் பெருத்திடக் கூடாதெண்டு எல்லாருக்கும் குடுக்கிறான்.”

“ஆர் குடுத்தாலென்ன நானா? நாட்டை எடுக்கப்போறது நாங்களெல்லே!”

இரண்டு மகன்மாருக்கும் டில்லி அனுப்பிய வாத்திமார்தான் சுடப் பழக்கினார்கள். இரண்டு வருசத்தில் இளையவனின் இயக்கம் மூத்தவனின் இயக்கத்தைச் சுட்டு அழித்தது. அதில் ஜெராட்டும் போனான். அஞ்சலாவின் கூறைச்சேலை அப்போது ஒருதரம்கூடத் தோய்க்கப்படவில்லை.

“அல்பிரட் சுடேல்லப் பிள்ளை. அண்டைக்கு வெள்ளாங்குளத்தில நிண்டவன்.”

“சுடேல்லத்தான் மாமி. ஆனா அவருக்குத் தெரியும். ‘அண்ணனை வெளிய விடாதைங்கோ அண்ணி’ எண்டு ஒரு சொல் சொல்லி அனுப்பினவரே?”

அல்பிரட் உயிரோடிருந்த காலத்தில் மாக்கிறட்டும் அதை அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் ஓம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம்.

மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சந்தியோகு நிமிர்ந்து பார்க்காமலே வேலியோரம் மண்ணைக் கையால் விறாண்டி ஒரு குழி செய்தார்.

“ரெண்டு வள்ளமெண்டு நினைச்சனான் மாக்கிறட். ரெண்டின்ர கயிறும் வேற ஆரோவின்ர கையில இருந்திருக்கு.”

“கதையாம நெருப்பைத் தட்டுங்கோ.”

வாடைக்காற்று விடவில்லை. தட்டிய குச்சியெல்லாம் அணைந்தது. கடைசிக் குச்சியும் போனபோது வெறும் பெட்டியைச் சந்தியோகு கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வேலிக்கு உள்ளே அஞ்சலா எழும்பினாள். எரிந்துகொண்டிருந்த ஜெராட்டின் திரியை மணலிலிருந்து பிடுங்கி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு படலைவரை வந்தாள். அங்கேயே நின்றாள். உருகிய மெழுகு அவள் விரலில் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த அடியும் வைக்கவில்லை.