இரண்டு மிதுஷாக்கள்

நிறோஷினியின் ஆறு மாதத் தற்காலிக வேலை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மேலாளர் ஹென்ரிக்கின் கையில். பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பிலிருந்து ரயிலேறிக் கோபன்ஹேகன் வந்து அவள் செய்வதெல்லாம், டென்னிஸில் யார் வெல்வார் என்று கணித்துப் பந்தயக்காரருக்கு விலை போடுவதுதான்.

புதன்கிழமை மத்தியானம் வைலே நகரில் ஓர் ஆட்டம். ஒரு பக்கம் இஷொய் ஊர்த் தமிழ்ப் பெட்டை மிதுஷா, வயது பதினெட்டு. எதிரே ஒரு செக் நாட்டுக்காரி. கணினி மிதுஷாவுக்கு எட்டு என்று விலை போட்டிருந்தது. அவளில் நூறு குரோனர் கட்டி, அவள் வென்றால் எண்ணூறு கிடைக்கும். அவள் வெல்லவே மாட்டாள் என்பதைத்தான் சந்தை இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது. மற்ற நிறுவனங்களும் எட்டுத்தான்.

மிதுஷாவின் பழைய ஆட்டக் கணக்கைத் திறந்தாள். நாலு ஆட்டம், நாலும் தோல்வி. இதென்ன கோதாரி, நாலே நாலு ஆட்டம் ஆடினவளை எப்படிப் போட்டிக்குள் விட்டார்கள்? குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் சிறீஸ்கந்தராசா என்று இருந்தது. தகப்பன் பெயர்! தகப்பன் பெயரை முன்னுக்கும் பிள்ளையின் பெயரைப் பின்னுக்கும் எழுதுவதுதானே நம் வழக்கம். டேனிஷ்காரருக்கோ பின்னுக்கு நிற்பதுதான் குடும்பப் பெயர். சின்ன வயதில் படிவத்தைத் தகப்பன் நிரப்பியிருந்தால்?

குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'மிதுஷா' என்று தேடினாள். முப்பத்தொரு ஆட்டம், இருபத்துநாலு வெற்றி. பிறந்த தேதியும் அதே. ஒரே பிள்ளையைக் கணினி இரண்டு பேராக்கி, தோல்விகளை மட்டும் இவள் தலையில் கட்டியிருந்தது. நிறோஷினி புது விலையைக் கணக்கிட்டு ஹென்ரிக்கைக் கூப்பிட்டாள்.

ஹென்ரிக் நம்பவில்லை. "ஊரே எட்டு என்கிறது, நீ ஒன்றரை என்கிறாய். இவள் விலையைக் குறைத்தால் எதிராளியின் விலை ஏறும்; அது நம்மிடம் மட்டும் என்றால், எல்லோரும் இங்கே வந்துதான் அவளில் கட்டுவார்கள்."

"கட்டட்டும். செக் நாட்டுக்காரி தோற்பாள்."

அவன் திரையில் அந்த முப்பத்தொரு ஆட்டத்தையும் பார்த்தான். "சரி, போடு. பிழையாகிப் போனால் நீ வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம்."

விலையை மாற்றினாள். செக் நாட்டுக்காரியின் பக்கம் காசு வந்து கொட்டியது. அந்த நேரம் பார்த்து அம்மா சரோஜினிதேவியின் தொலைபேசி.

"பிள்ளை, உந்த இஷொய்ப் பெட்டை இண்டைக்கு விளையாடுறாளாம். கோயில்ல எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். வெல்லுவாள் எண்டு நீ வாயைத் திறந்து சொல்லிப்போடாதை, கண்ணூறு பட்டிடும்."

"அம்மா, என்ர வேலையே அதைச் சொல்லுறதுதான். இப்பதான் உலகத்துக்கே சொல்லிப்போட்டு இருக்கிறன்."

"ஐயோ, என்ன பிள்ளை நீ!" அம்மா வைத்துவிட்டார்.

முதல் செட்டைச் செக் நாட்டுக்காரி ஆறுக்கு நாலு என்று எடுத்தாள். இரண்டாவதில் மிதுஷா எழும்பினாள் பாருங்கள், அப்படி ஓர் எழும்பல்! ஆறுக்கு மூன்று. மூன்றாவது செட் ஆறுக்கு ஆறு என்று இழுபட்டு டைபிரேக்கில் வந்து நின்றது. ஹென்ரிக் கதிரையை விட்டு எழுந்து அவள் பின்னால் வந்து நின்றான். அலுவலகத்தில் ஒருவரும் தட்டச்சு செய்யவில்லை.

டைபிரேக்கில் ஆறுக்கு ஐந்து, மிதுஷாவுக்கு வெற்றிப் புள்ளி. செக் நாட்டுக்காரி வலைக்கு ஓடி வந்தாள். மிதுஷா இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்துக் கோட்டோரமாக ஒன்று வைத்தாள். செக் நாட்டுக்காரியால் திரும்பிப் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

நிறோஷினி மேசையில் ஓங்கி அடித்தாள். கண் கலங்கிவிட்டது, அவளுக்கு வெட்கமே இல்லை.

ஹென்ரிக் தொண்டையைச் செருமினான். "இப்படி இரண்டாகப் பிரிந்து கிடப்பவர்கள் இன்னும் எத்தனை பேர்?"

"தேட வேண்டும். மாதக்கணக்காகும்."

"திங்களிலிருந்து தேடு."

திங்கள். வெள்ளிக்குப் பிறகு வருகிற திங்கள். அவள் இரண்டு மிதுஷாக்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இருவரும் ஒருவர்தானா என்று கணினி டேனிஷில் கேட்டது.

"ஓம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.