கடைசிக் காட்சியைப் பார்க்க ஆளில்லை

இயக்குநருக்கு அது முதல் படம். ஒரு சமையற்காரியைச் சாப்பாட்டுப் பிரியன் ஒருவன் காதலிக்கும் சிரிப்புக் கதை. "முதல் ஆட்டம் பாத்த ஜனம் என்ன சொல்லுதோ, அதை வச்சுத்தான் ஓட்டுறதா தூக்குறதான்னு சொல்வேன்" என்று தியேட்டர் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் வாசலில் காத்து நின்றார். படம் முடியும் முன்பே கூட்டம் திமுதிமுவென்று வெளியே வந்து, அவரைத் தள்ளிக்கொண்டு கேன்டீனுக்குள் புகுந்தது.

"படம் எப்படிக்கா?" என்று ஓர் அம்மாளைக் கேட்டார்.

"மீன் வறுவல் அருமை தம்பி. காதல்லதான் உப்பு கம்மி."

"உனக்கு எதுலதான் உப்பு சரியா இருந்துச்சு?" என்றார் அவள் கணவர். "ஆமா தம்பி, கடைசில அவங்க சேர்ந்தாங்களா?"

"நீங்க பாக்கலையா?"

"படத்துல அந்தப் பொண்ணு சூப்பை ஊத்துன அப்புறம் பசியோட யாரால உக்கார முடியும்?"

இயக்குநர் உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் காதலர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஈ காக்கை இல்லை. முன்வரிசை நாற்காலி ஒன்றில் பல் தடம் பதிந்திருந்தது. படம் ஓட்டுபவர்கூடக் கேன்டீன் வரிசையில் நின்றார்.

முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். "நம்ம கேன்டீன்ல பாத்திரம் பாத்திரமா காலியாகி இன்னிக்குத்தான் பாக்குறேன். உங்க படம் நாளைக்கும் உண்டு, அடுத்த மாசமும் உண்டு!"

"அப்போ படம் நல்லா இருக்குங்களா?"

"அது யாருக்குத் தெரியும்? யாரு பாத்தா?"

அழுவதா சிரிப்பதா என்று புரியாத இயக்குநர், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.