கறுப்புப் பனியில் இறங்கியவன்

வெனெராண்டோவின் இடது கண் அவிந்துபோன சேதி கார்னிவல் விருந்தில்தான் வெளியே வந்தது. நண்பன் தெல்ஃபோவின் கிளாசில் ஒயின் ஊற்றப் போனவன், கிளாசை விட்டு ஒரு விரல் தள்ளி, மேசை விரிப்பில் நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தான். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவன் நிறுத்தாமல் ஊற்றுவதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

கத்தானியா நகரத்து டாக்டர் அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னான். வெனெராண்டோ அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் திருப்பித் தரமுடியாதவன் சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? லாரி ஓட்டக்கூடாதாம். கல் லாரியை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகிறது, ஓட்டாவிட்டால் குடி முழுகிவிடாது.

பனிதான் சிக்கல். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் பிடிபடாது. வெள்ளைப் பனியில் மேடு, பள்ளம் எல்லாம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஒரே சமமாகத் தெரியும். கால் வைத்த பிறகுதான் பள்ளம் என்று புரியும், அப்போது புரிந்து பிரயோசனம் இல்லை.

வெளியூர்க்காரர்கள் அந்த எரிமலையை எட்னா என்பார்கள். அடிவாரத்து ஊரான லிங்குவாகுளோசாவில் மலை என்றால் மலைதான், அவள் ஒருத்திதான். கீழே பாதாம் பூவெல்லாம் கொட்டி, மேலே பனி இரவில் இறுகிப் பகலில் இளக ஆரம்பித்துவிட்டால், நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கீ பலகைகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் கிளம்பிவிடுவார்கள். ஆட்களை மேலே இழுத்துப்போகும் இழுவைக் கம்பி இருக்கிற பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பலகைக்கு அடியில் வழுக்காமல் பிடிக்கும் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் ஏறுவார்கள். மேலே பட்டையை உரித்துப் பையில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டே சறுக்கி இறங்குவார்கள். நான்கு பேராக இருந்தார்கள். மத்தேயோ அங்கே தொடை எலும்பை உடைத்துக்கொண்ட பிறகு மூன்று பேர். மூன்றாவது ஆள் ஒராசியா, தெல்ஃபோவின் தங்கை. ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். மூவரில் நன்றாகச் சறுக்குவது அவள்தான். அதை மற்ற இருவரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்தியதுமே தெல்ஃபோ ஆரம்பித்தான்.

"ஏறு, வேணாங்கல. ஆனா இப்பவே சொல்லிப்புடறேன். இன்னிக்கு ஒரு தடவ விழுந்தேன்னு வையி, பலகைய எங்கிட்ட குடுத்துடணும். அப்புறம் நீ சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாப் போதும்."

"நீ யாருடா எனக்குச் சட்டம் போட?"

"மத்தேயோவ தூக்கிட்டு வந்தவன். மேகம் எறங்கி ஹெலிகாப்டர் வரமுடியாமப் போச்சே, மறந்துட்டியா? அன்னிக்கு எனக்கு முதுகு இருந்துச்சு. இப்ப இல்ல. உன்ன எவன் தூக்குறது?"

"தூக்கச் சொல்லி எவன் கேட்டான்? செத்தா அங்கேயே போட்டுட்டு வா. காக்கா தின்னுட்டுப் போகட்டும்."

"உன்னத் தின்னா காக்காவுக்கு வயித்தால போகும்," என்றாள் ஒராசியா, காலணியின் கொக்கியை மாட்டியபடி. "ரெண்டு பேரும் வாய மூடிட்டு நடங்க. வெயில் ஏறுது."

வெனெராண்டோ அதற்குமேல் பேசவில்லை. அவன் பேசாததைத் தெல்ஃபோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அவன் எப்போதுமே அப்படித்தான், தனக்கு வேண்டியதைத் தானே சொல்லித் தானே கேட்டுக்கொள்வான்.

வெள்ளைப் பட்டை மரங்களுக்கு நடுவே ஏறி, மரங்கள் முடிந்ததும் சரிவின் விளிம்பைப் பிடித்து நடந்தார்கள். பனியில் நீளநீளமாகக் கறுப்புக் கோடுகள் ஓடின. போன வாரம் மலை இரண்டு நாள் சாம்பல் துப்பியிருந்தாள். காற்று அதைச் சரிவில் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகப் போட்டுவிட்டுப் போயிருந்தது. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, கண்ணாடித் தூள் மாதிரி நறநறக்கும் மணல். பலகையின் அடியை உப்புத்தாள் போல ராவிவிடும். புத்தி உள்ளவன் அதில் சறுக்கமாட்டான்.

வெனெராண்டோ ஒரு வாரமாக ஊர்ச் சதுக்கத்தில் நின்று அந்தப் பட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளையில் ஒன்றும் தெரியாத அவன் கண்ணுக்குக் கறுப்பில் எல்லாம் தெரிந்தது. மேடு வந்தால் பட்டை பளபளத்தது, பள்ளம் வந்தால் இருண்டது. உச்சியிலிருந்து மரங்கள் வரைக்கும் ஒரே பட்டை, ரோடு மாதிரி. அதில் இறங்கிவிடலாம். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தெல்ஃபோ யோசனை சொல்வான். தெல்ஃபோவின் யோசனை கேட்டுத்தான் மத்தேயோ அன்றைக்குக் கடைசியாக இன்னொரு முறை ஏறினான்.

உச்சிக்குக் கீழே உள்ள விளிம்பை அடைந்ததும் பையைப் போட்டு உட்கார்ந்தார்கள். பெருஞ்சீரகம் போட்ட சாசேஜை ஒராசியா ரொட்டியில் வைத்து நீட்டினாள். பின்னால் மலை புகைத்துக்கொண்டிருந்தாள். கீழே கடல், அதற்கு அந்தப் பக்கம் கலாப்ரியாக் கரை மங்கலாக இருந்தது. தெல்ஃபோ கைக்கோலால் பனியைக் குத்திப் பார்த்தான். டக்கென்று சத்தம் வந்தது.

"இன்னும் கண்ணாடியா இருக்கு. இளக ஒரு மணி நேரமாவது ஆகும். போன்லயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"உன் வெள்ளைக்கு ஆகும்," என்றான் வெனெராண்டோ. எழுந்து பலகைகளை மாட்டினான். கறுப்பு வெயிலைக் குடிக்கும். வெள்ளை இளகுவதற்கு வெகுமுன்னே கறுப்பு இளகிவிடும். அதற்குப் பிறகும் காத்திருந்தால் சேறாகிவிடும்.

"எங்கடா போற?"

"கீழ. வேற எங்க போவாங்க?"

"டேய், அது சாம்பல்டா. பலகை பாழாப் போயிரும்."

"என் பலகை. என் சாம்பல்னே வச்சுக்கோ."

"உக்காருடா வெனெராண்டோ. சேந்து எறங்குவோம். நான் முன்னால போறேன், என் தடத்திலேயே வா."

வெனெராண்டோவுக்குக் காது சுட்டது. தெல்ஃபோவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கயிறு கட்டி இழுக்கிற கழுதை மாதிரி இறங்க வேண்டுமாம். காறித் துப்பிவிட்டுப் பட்டைக்குள் இறங்கினான்.

பலகை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பனியில் வெண்ணெய்க் கத்தி மாதிரி போகும் பலகை, இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் முனகிக்கொண்டு இழுத்தது. தொடை எரிந்தது. பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எங்கே மேடு, எங்கே குழி என்று அவனுக்குத் தெரிந்தது. கார்னிவலுக்குப் பிறகு முதல்முறையாகக் காலுக்கு முன்னால் கண் போனது. தன்னையறியாமல் ஒரு கெட்ட வார்த்தையைச் சந்தோஷமாகச் சொன்னான்.

பாதி வழியில், மேலே இருப்பவர்கள் பார்வைக்கு எட்டாத ஒரு மடிப்பைத் தாண்டியதும் பட்டை முடிந்துபோனது.

சதுக்கத்திலிருந்து ஒரே பட்டையாகத் தெரிந்தது ஒரே பட்டை இல்லை. இரண்டு. நடுவில் தேவாலய முற்றம் அகலத்துக்கு வெறும் வெள்ளை கிடந்தது. ஆழம் தெரியாத கண் இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் காட்டியிருக்கிறது. வெனெராண்டோ தன் கண்ணைத் தானே நம்பியதற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டான். நின்று யோசிக்கவும் பிடிக்கவில்லை. அப்படியே விட்டான்.

நான்காவது மூச்சில் காலடியில் பூமி இல்லை. பலகை முனை எதிலோ குத்த, முகம் குப்புற விழுந்து, உருண்டு, தலை சரிவின் கீழ்ப்பக்கமாக இருக்கக் கிடந்தான். ஒரு பலகை கழன்று பக்கத்தில் கிடந்தது. வாயில் பனி. கை கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். எல்லாம் அசைந்தன. பனியின் மேலோடு உடைந்து அவன் விழுந்த இடத்தில் முழங்காலளவுக் குழி ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மேலே பார்த்தான். யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. கைக்கோலால் நான்கு தள்ளு தள்ளினால் குழி மூடிவிடும். கைக்கோலை ஓங்கியும்விட்டான். பிறகு, "பாக்கட்டும்," என்று சொல்லிக் கையை இறக்கினான்.

இந்த வெள்ளையை இன்னும் தாண்டியாக வேண்டும். மற்ற பலகையையும் கழற்றி, இரண்டையும் பனியில் குத்தி வைத்துவிட்டு, பட்டை முடிந்த இடத்துக்கு மூச்சிரைக்க நடந்து ஏறினான். கம்பளித் தொப்பியைக் கழற்றி அதில் கறுப்பு மணலை அள்ளி நிரப்பினான். திரும்பி வந்து பலகைகளை மாட்டி, ஒரு பிடி மணலை முன்னால் வீசினான். மணல் விழுந்த இடத்தில் பனிக்கு உருவம் வந்தது. இதோ மேடு, இதோ வழுக்கு. அதுவரைக்கும் சறுக்கினான். நின்றான். இன்னொரு பிடி வீசினான். விதை விதைக்கிறவன் மாதிரி வீசி வீசி, மொட்டைத் தலையில் வெயில் சுட, மறுபட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். தொப்பியை உதறித் தலையில் மாட்டிக்கொண்டு மரங்கள் வரைக்கும் நிற்காமல் இறங்கினான்.

வெகுநேரம் கழித்து மற்ற இருவரும் வந்தார்கள். வெள்ளையில் சத்தமே இல்லாமல், வளைந்து வளைந்து வந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. வெனெராண்டோவுக்கு வயிறு எரிந்தது. பாதி வழியில் அவனைத் தேடிக் கறுப்புப் பட்டையோரமாகத் திரும்பியிருப்பார்கள் போல, தெல்ஃபோவின் முகம் வெளிறியிருந்தது.

"மடிப்புக்குக் கீழ ஒரு குழி இருக்கு," என்றான் தெல்ஃபோ.

"இருக்கு."

"யாரு தோண்டுனது?"

"நான்தான். விழுந்தேன்."

தெல்ஃபோ பலகைக்காகக் கையை நீட்டினான். "குடுத்துடு. சண்ட வேணாம். குழியப் பாத்ததும் எனக்கு உசிரே போச்சு, தெரியுமா?"

"குழியப் பாத்தீங்க. அதுக்கப்புறம் கறுப்புக் கறுப்பாப் போற புள்ளியெல்லாம் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தோம்," என்றாள் ஒராசியா. "அதுல ஏறித்தான் என் புதுப் பலகை பல்லுப் பல்லாப் போச்சு. தொப்பிய வச்சு அள்ளிப் போட்டியா? நீ மண்டைய சொறிஞ்சா மணல் கொட்டுதே."

"நீ குறுக்க பேசாத," என்றான் தெல்ஃபோ. "டேய், நீ வாக்கு குடுத்த."

"நான் சரின்னே சொல்லல. நீயாச் சொன்ன, நீயாக் கேட்டுக்கிட்ட. விழுந்தா நிறுத்தணும்னா, நீ பொறந்த மறு வருஷமே நடக்கிறத நிறுத்தியிருக்கணும்."

"அப்ப அடுத்த வாரம் என் காரு கெடையாது உனக்கு."

"வேணாம். இந்த வாரமும் வேணாம்."

மரங்களைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் வெனெராண்டோ பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்கீ காலணி தார் ரோட்டில் டக் டக்கென்று அடிக்க, ஊரை நோக்கி நடக்க ஆரம்பித்தான். ஊர் எங்கோ கீழே இருந்தது. காலணி குதிகாலைக் கடித்தது. முதல் வளைவு தாண்டுவதற்குள் பின்னால் கார் சத்தம் கேட்டது. தெல்ஃபோ ஹாரன் அடித்தான். வெனெராண்டோ திரும்பவில்லை. ஒராசியா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், ஏறிக்கய்யா. ரொட்டி மாவு பொங்கி வழியுது, நான் கடைக்குப் போகணும்," என்றாள்.

"அடுத்த ஞாயிறு எத்தன மணிக்குன்னு அவன சொல்லச் சொல்லு. அப்புறம் ஏறுறேன்."

காருக்குள் அண்ணனும் தங்கையும் கத்திக்கொள்வது கேட்டது. ஹாரன் மறுபடி அலறியது. வெனெராண்டோ ஓரத்திலிருந்து விலகி ரோட்டின் நடுவுக்கு வந்தான். தோளில் இருந்த பலகைகளைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான், எந்தப் பக்கமும் கார் தாண்ட முடியாதபடி.