மெயினைக் காணோம்

மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடின. இந்தத் தடவை தப்பித்தோம் என்று மூச்சை விடப்போன நேரத்தில், அடியில் அதே சிவப்பு வரி வந்து நின்றது. மெயினைக் காணோம் என்றது, எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர்.

எந்தப் புரோகிராமுக்கும் அதுதான் தலைவாசல். மின்சாரம் வந்ததும் மெஷின் முதலில் போய் நிற்கிற இடம் மெயின். அங்கிருந்துதான் மற்ற வேலைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். உள்ளே எத்தனை அறை கட்டி எவ்வளவு அழகாக வெள்ளையடித்திருந்தால் என்ன, வாசலே இல்லாத வீட்டுக்குள் யார் நுழைய முடியும்?

மேசைமேல் கிடந்த போனிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"என்னம்மா, ஆச்சா?"

"இன்னும் இல்ல அண்ணி. சின்னதா ஒரு எரர். பாத்துட்டே இருக்கேன்."

"டாக்டர் 'சின்னதா ஒரு கட்டி'ன்னு சொல்ற மாதிரியே சொல்றே. எனக்குப் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வாள்? நாத்தனார் ஊரின் ஓரத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம் வைத்திருந்தாள். அலமாரி போல உயர்ந்த இன்குபேட்டரில், தட்டுத் தட்டாக முட்டைகள். சூட்டைக் கட்டிக்காக்கிற பழைய கன்ட்ரோல் போர்டு கிறுக்குப் பிடித்து, போன ஈடு முழுவதும் கூமுட்டையாகப் போனது. குஞ்சு வாங்குகிற பண்ணைக்காரர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த ஈடும் போனால் கூடத்தைப் பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று அவளே சொல்லியிருந்தாள். அதனால்தான் தம்பியும் தம்பி பெண்டாட்டியான இவளுமாகச் சேர்ந்து புது போர்டுக்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்தார்கள். அது முடிவதற்குள் இன்று விடியற்காலையில் பழைய போர்டு புகைந்து கருகிவிட்டது. அக்காவின் போன் வந்ததும் அவன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் புது போர்டையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்த லேப்டாப், முடிந்த புரோகிராமை போர்டில் ஏற்றுவதற்குத்தான் லாயக்கு. கம்பைல் செய்கிற வேலை வீட்டில், இவள் மேசையில்தான் நடக்க வேண்டும்.

"உள்ள சூடு எவ்வளவு அண்ணி?"

"முப்பத்தஞ்சு. முப்பத்தேழரை இருக்கணும். வெந்நீர் பாட்டிலா அடுக்கி, வீட்டுல இருக்கிற போர்வையெல்லாம் சுத்தி வெச்சிருக்கோம். பெத்த புள்ளைக்குக்கூட நான் இப்படிப் போத்தினதில்ல."

பின்னால் அவன் குரல் கேட்டது. "என்ன எரர்னு கேளுக்கா."

"என்ன எரர்னு கேக்குறான்."

"மெயினைக் காணோம்னு வருதுன்னு சொல்லுங்க அண்ணி."

"இங்கதானே நிக்கிறான், அவன் காதுல விழாதா? நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா?"

நேற்று மாலையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சூடு இவளுடையது, முட்டையைத் திருப்பும் மோட்டாரும் அலாரமும் அவனுடையது. கல்யாணமான புதிதில் இவள் எழுதியதை இவளுக்குத் தெரியாமல் அவன் "சும்மா கொஞ்சம் சரி பண்ணி"விட, வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார்கள்: ஒருவர் ஃபைலை இன்னொருவர் திறக்கக் கூடாது. தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கை வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தால் இத்தனை வருடம் வீடு அமைதியாகத்தான் இருந்தது. நேற்று இரண்டையும் சேர்த்தபோது, ஒன்றுக்கு இரண்டாக மெயின் இருக்கிறது என்று கம்பைலர் மறுத்துவிட்டது. ஆளுக்கொரு மெயின் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி.

எதை எடுப்பது? அவனுடையதில் அலாரம் முதலில் எழும். எல்லாம் ஒழுங்கு என்று ஆள் பார்த்துப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் ஹீட்டர். இவளுடையதில் ஹீட்டர்தான் முதலில். "முட்டை குளிர்ல கிடக்கும்போது உங்க அலாரம் கச்சேரி பண்ணுமா?" என்று இவள் கேட்டாள். "என்ன நடக்குதுன்னே தெரியாம அடுப்பைப் பத்த வெப்பியா?" என்று அவன் கேட்டான். பேச்சு முட்டையை விட்டுவிட்டு, யார் எப்போது யார் சொன்னதைக் கேட்டார்கள் என்பதில் போய் நின்றது. கடைசியில் அவன், "உன் இஷ்டம்" என்று பால்கனிக்குப் போய்விட்டான். அந்த இரண்டு சொற்களைவிட அவன் திட்டியிருக்கலாம்.

காலையில் அவன் எழுவதற்கு முன் இவள் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் தன் மெயினை அழித்துவிட்டாள். போகட்டும், அவனுடையதே இருக்கட்டும். காபி கொடுக்கும்போது சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பாலை அடுப்பில் வைத்த நேரத்தில்தான் அக்காவின் போன் வந்தது.

ஆக, இவளுடையது போனாலும் அவனுடையது இருக்க வேண்டும். இருந்தும் கம்பைலர் காணோம் என்கிறது. அப்படியானால் கோளாறு வேறெங்கோ.

ஃபைல்களைச் சேமித்தோமா என்று பார்த்தாள். சேமித்திருந்தது. கம்பைலருக்குக் கொடுத்த பட்டியலில் அவன் ஃபைல் விடுபட்டதா? இல்லை, இரண்டும் இருந்தன. பழைய மிச்சம் மீதியையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். சிவப்பு வரி அசையவில்லை. கம்பைலருக்கே உடம்பு சரியில்லையோ என்று, வெறும் மெயின் மட்டும் உள்ள குட்டிப் புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்தாள். சமர்த்தாக வாங்கிக்கொண்டது.

"முப்பத்திநாலுக்கு வந்துடுச்சும்மா."

தேட மிச்சம் ஒரே ஓர் இடம்தான், அவன் ஃபைல். அதைத் திறக்க வேண்டுமென்றால் அவனிடம் கேட்க வேண்டும். கேட்டால், உன் மெயின் என்ன ஆச்சு என்பான். விட்டுக்கொடுத்ததை இந்தக் கோலத்திலா சொல்வது? கேட்காமல் புதிதாக ஒன்றை எழுதிச் சேர்த்தால், அவனுடையது எங்கேயாவது ஒளிந்திருந்து, நேற்றைய இரண்டு கத்தி மறுபடி மோதும்.

திரையை ஒரு முறை பார்த்தாள். போனைக் கையில் எடுத்தாள்.

"என்னங்க."

அந்தப் பக்கம் போர்வை இழுபடும் சத்தம் நின்றது. "சொல்லு."

"உங்க ஃபைலைத் திறக்கட்டுமா?"

"திற. இதுக்கெல்லாம் கேட்டுட்டு."

திறந்தாள். மோட்டார் இருந்தது. அலாரம் இருந்தது. மேலிருந்து கீழ்வரை தேடினாள், கீழிருந்து மேலே தேடினாள்.

"உங்க மெயின் எங்க?"

"என் மெயினா? அதை நேத்து படுக்கப் போறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேனே."

"ஏன் எடுத்தீங்க?"

"உன் இஷ்டம்னு சொன்னேன்ல? அப்புறம் என்னோடதை வெச்சுக்கிட்டா சொன்னதுக்கு என்ன அர்த்தம்? உன்னோடதையே போட்டுக்க வேண்டியதுதானே."

இவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "என்னோடதை நான் காலையில அழிச்சிட்டேன்."

"நீ ஏன் அழிச்சே?"

"நீங்க ஏன் அழிச்சீங்களோ, அதுக்குத்தான்."

நாத்தனார் குறுக்கே வந்தாள். "எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. நேத்து ஆளுக்கொண்ணு இருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. அப்படித்தானே?"

"அப்படித்தான் அண்ணி."

"சண்டை போட்டுத்தான் குடும்பம் கெட்டுப் பாத்திருக்கேன். விட்டுக்கொடுத்துக் கெடுத்தவங்க நீங்க ரெண்டு பேரும்தான். சரி சரி, கொஞ்சுறதை அப்புறம் கொஞ்சுங்க. என் முட்டை விறைக்குது."

இவள் விரல்கள் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தன. புது மெயின், நாலைந்து வரி. முதல் வரியில் ஒரு கணம் நின்றாள். "அலாரத்தை முதல்ல கூப்பிடுறேன்," என்றாள்.

"வேணாம், ஹீட்டரையே போடு. குளிருது."

"நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க. அலறினா பொத்தானை அமுக்கிட்டுப் போங்க. திரும்ப ஆரம்பிக்காதீங்க."

அவன் ஆரம்பிக்கவில்லை. இவள் கம்பைல் பொத்தானை அழுத்தினாள். வரிகள் ஓடின. அடியில் சிவப்பு இல்லை. ஃபைலை அனுப்பிவிட்டுப் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வந்துடுச்சு என்றான், ஏத்துறேன் என்றான். பிறகு அங்கே காது கிழிகிற மாதிரி அலாரம் அலறியது.

"அமுக்குங்க, அமுக்கிட்டு ஹீட்டரை விடுங்க."

அவன் அமுக்கவில்லை. "இரு. போர்டு இருபத்தாறுன்னு காட்டுது."

"இருபத்தாறா? முப்பத்திநாலுன்னாங்களே அண்ணி."

"அது நான் உள்ள மாட்டியிருக்கிற கண்ணாடி தெர்மாமீட்டர்மா," என்றாள் நாத்தனார்.

இருபத்தாறு என்பது இன்குபேட்டருக்கு வெளியே, கூடத்தின் சூடு. இவளுக்கு அது உறைத்த அதே நேரத்தில் அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஏதோ தடதடவென்று விழுந்தது. "சூட்டை அளக்கிற சென்சார் வெளிய தொங்குது," என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. "பழைய போர்டைக் கழட்டுறப்போ வெளிய இழுத்துப் போட்டேன், திரும்ப உள்ள விடவே இல்ல."

ஹீட்டர் முதலில் எழுந்திருந்தால், வெளியே தொங்குகிற சென்சாரைப் பார்த்து இன்னும் சூடு போதாது, இன்னும் போதாது என்று எரிந்துகொண்டே இருந்திருக்கும். போர்வைக்குள் இருந்த அத்தனையும் அவித்த முட்டை.

அவன் சென்சாரை உள்ளே மாட்டினான். அலாரத்தை அமுக்கினான். ஹீட்டருக்கு மின்சாரம் விடுகிற ரிலே டக் என்று விழுகிற சத்தம் போனிலேயே தெளிவாகக் கேட்டது.

"முப்பத்திநாலு," என்று நாத்தனார் வாசித்தாள். கொஞ்சம் பொறுத்து, "முப்பத்திநாலரை." பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கதவு திறந்து மூடும் சத்தம். இருட்டாக்க ஏதோ திரையை இழுக்கும் சத்தம்.

"என்ன பண்றாங்க?" என்று இவள் கேட்டாள்.

"ஒரு முட்டையை எடுத்து, அடியில டார்ச்சை வெச்சுப் பாக்குறாங்க."

இவள் போனின் ஒலியைக் கூட்டினாள்.

"உள்ள குஞ்சு அசையுது," என்றாள் நாத்தனார். "நல்லாவே அசையுது. இரு, வேற தட்டுல இன்னொண்ணு பாக்குறேன்." தட்டு இழுபடும் சத்தம். "இதுவும்."

இவள் நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை வருவது தெரிந்தது. காலையில் தீய்ந்த பிறகே அணைத்த பால், பாத்திரத்தின் அடியில் கறுப்பாக ஒட்டியிருக்கும்.

"உங்க அலாரம் முதல்ல இருந்தது நல்லதாப் போச்சு," என்றாள்.

"நீதானே போட்டே," என்றான் அவன். பிறகு, "அந்த மெயின் யார் ஃபைல்ல இருக்கு? உன்னோடதுலயா, என்னோடதுலயா?"

இவள் திரையைப் பார்த்தாள். அவசரத்தில், திறந்திருந்த ஃபைலிலேயே எழுதியிருக்கிறாள்.

"உங்களோடதுல."

"அப்ப என் ஃபைல்ல கை வெச்சுட்டே."

"வெச்சுட்டேன். என்ன பண்ணப் போறீங்க?"

"வீட்டுக்கு வந்து உன்னோடதுல நானும் வெப்பேன்."

"கேட்டுட்டு வைங்க."

"டேய்," என்றாள் நாத்தனார் நடுவில் புகுந்து, "போனைக் கீழ வெச்சுட்டு வந்து முட்டைத் தட்டைப் பிடி. உன் பொண்டாட்டி எங்கயும் ஓடிட மாட்டா."