நடை திறக்காத மார்கழிக் காலை

தலைமாட்டு விளக்குக்கு ரங்கையா எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கனைத்தார்கள். திருவேங்கடம்தான். ஈர வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக, படி ஏறாமல் தெருவிலேயே நின்றான். கோயிலில் மார்கழிப் பாட்டுக்கு முன்குரல் கொடுக்கிறவன் சாவு வீட்டுக்குள் எப்படி வருவான்?

"மாமா, தப்பா நெனச்சிக்காத. நட இன்னும் தொறக்கல. பெருமாளு பட்டினி கெடக்கறாரு."

"தெரியும்பா."

"எப்ப எடுக்கறீங்கன்னு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."

கோயில் இருக்கிற தெருவில் பிணம் கிடந்தால், எடுக்கிற வரைக்கும் நடை திறக்கக்கூடாது. விளக்கு இல்லை, பொங்கல் இல்லை, பாட்டும் இல்லை. ரங்கையாவின் பெண்சாதி கிருஷ்ணம்மா நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் போனாள். இன்று வெயில் ஏறியும் கோயில் மதில்மேல் கட்டிய ஒலிபெருக்கிப் புனல் ஊமையாகக் கிடந்தது.

"சுலோசனா வரணும்பா. திருத்தணிக்கு ஆளு போயிருக்குது. பாசஞ்சர்ல வந்துடுவா."

"திருத்தணி இப்ப வேற ராஜ்யமாச்சே மாமா," என்று சொல்லிவிட்டுத் திருவேங்கடம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜ்யம் பிரிந்தது போன சித்திரைக்கு முன்னால். புத்தூர்ப் பக்கத்து இந்த ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது; மகளைக் கொடுத்த திருத்தணி மெட்ராசோடு போய்விட்டது. கிருஷ்ணம்மாவுக்கு ராஜ்யக் கவலையெல்லாம் கிடையாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மார்கழிக்குப் பாட்டு பாட வுடுவாங்களா, மாட்டாங்களா?" "திருப்பதி மலையிலயே இந்த மாசம் பூரா அந்தப் பாட்டுதான். நீ கம்முனு கெட," என்று ரங்கையா அதட்டிய பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அப்படி ஒரு பைத்தியம். பெருமாளைத் தவிர வேறு மாப்பிள்ளை வேண்டாமென்று நின்ற பெண்ணொருத்தி எந்தக் காலத்திலோ கட்டிய பாட்டு. தூங்குகிற தோழிகளை வாசல் வாசலாகப் போய் எழுப்புகிற பாட்டு. கிருஷ்ணம்மாவுக்கு எழுத்து தெரியாது, பாதிக்கு அர்த்தமும் தெரியாது. ஆனாலும் மார்கழி வந்தால் பனியில் மதிலோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். இந்த வருஷம் நடக்க முடியாமல் படுத்த இடத்திலிருந்தே கேட்டாள். நேற்றுக் காலையிலும் கேட்டாள்.

முன்பொரு மார்கழியில் இதே தெருவில் கங்கையாவின் அப்பன் செத்து, பாட்டு நின்றுபோனது. இழவு வீட்டில் மார் அடித்து அழுதுவிட்டு வந்தவள், கால் கழுவும்போதே, "அந்தக் கெழம் தை பொறந்து போயிருக்கக் கூடாதா? ஊரு பாட்டையே வாரிக்கினு போயிடுச்சே!" என்று திட்டினாள். ரங்கையா வயிறு வலிக்கச் சிரித்தார்.

இப்போது அவளே அந்தக் காரியத்தைச் செய்துவிட்டுப் படுத்திருந்தாள். அடிப்பாவி, உன் வாய் உனக்கே பலித்துவிட்டதே என்று அவள் முகத்தைப் பார்த்தார். காத்திருந்தால் மகள் தாய் முகத்தைப் பார்க்கலாம். எடுத்தால் பாட்டு நடக்கும். எதைச் செய்வது என்று அவர் யோசனை கேட்கிற ஆள் ஒருத்திதான். அவள் தாடைக்குத் துணி கட்டிக் கிடந்தாள்.

"எடுத்துடலாம், திருவேங்கடம்."

"சுலோசனா...?"

"எடுத்துடலாம்பா. இவ பாட்டு கேக்காம போவக்கூடாது."

உறவெல்லாம் ராஜ்ய எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம். பாடைக்குப் பின்னால் நடக்க ஊர்க்காரர்கள் சிலர்தான் வந்தார்கள். தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி வந்த நாளாக அவள் கோலம் போட்ட தெரு. கழுவினால்தானே நடை திறப்பார்கள், கழுவட்டும் என்று ரங்கையா நினைத்தார். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஏரிக்கரையில் பாடையை இறக்கித் தலைப்பக்கம் மாற்றுவது வழக்கம். மாற்றியானதும், பாடை தூக்கி வந்த பாலையா மறுபடி தூக்கக் குனிந்தான்.

"இருங்கப்பா. கொஞ்சம் இருங்க."

"இன்னாத்துக்குண்ணா? வெயிலு ஏறுது."

கரையைத் தாண்டிக் குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் புனல் சத்தம் எட்டாது. ரங்கையா அதைச் சொல்லவில்லை. பாடை பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஊர்ப் பக்கமிருந்து புனல் கரகரத்தது. திருவேங்கடத்தின் குரல் தண்ணீர் மேல் வந்தது. பாலையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். சேகண்டிக்காரனும் அடிப்பதை நிறுத்தினான்.

இத்தனை வருஷமும் ரங்கையா இந்தப் பாட்டைக் காதில் வாங்கினதே இல்லை. அவளுக்கான பாட்டு என்று விட்டிருந்தார். இன்றுதான் கேட்டார். எழுந்திரு, எழுந்திரு என்று எத்தனை விதமாகக் கெஞ்சுகிறாள் அந்தப் பெண்! பொழுது விடிந்துவிட்டது என்கிறாள், பறவை கத்துவது கேட்கவில்லையா என்கிறாள். அவருக்குத் தாங்கவில்லை.

ஸ்டேஷன் பாதையிலிருந்து கரைமேல் சுலோசனா ஓடி வந்தாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது, காலில் செருப்பு இல்லை. பாடையைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"நைனா... எனக்கோசரம் நிக்கலியா நைனா? அதுக்குள்ள தூக்கிக்கினு வந்துட்டியே!"

அவள் மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். ரங்கையா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு முடியட்டும்மா," என்றார். "அம்மா கேட்டுக்கினு கீறா."

சுலோசனா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தாயின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். புனலில், பாட்டிலுள்ள பெண்கள் அடுத்த தோழியின் வாசலுக்குப் போயிருந்தார்கள். அங்கேயும் ஒருத்தி இன்னும் எழவில்லை.